நாலு மணிச் செருப்புச் சத்தம்

லாரி டயரில் அறுத்துத் தைத்த செருப்புக்கென்று ஒரு சத்தம் உண்டு. சரளை போட்ட தெருவில் அது 'சரக், சரக்' என்று மண்ணை அரைத்துக்கொண்டு வரும். மாட்டுக் குளம்பும் அப்படிக் கேட்காது, வண்டிச் சக்கரமும் அப்படிக் கேட்காது. நான் சொல்லப்போகிற செருப்புக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இடது காலின் குதியில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்ததால், அந்தக் கால் ஊன்றுகிற போதெல்லாம் கல்லில் பட்டு 'டிக்' என்று கேட்கும். சரக், டிக். சரக், டிக். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் வருகிறவர் ஏகாம்பரம் மாமா என்று எங்கள் சேரியில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். ஆனால் இதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான், ஆகவே நான் எழுதுவதுதான் சரி. அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகிற பக்கம், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் சேரி இருந்தது. எங்கள் பக்கம் முழுக்கக் கருப்புக் களிமண், மழை பெய்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். பஸ் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் மட்டும் செம்மண் சரளை போட்டு, பார்க்கவே ரத்தம் கட்டினாற்போல் இருக்கும். தெரு ஆரம்பிக்கிற இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல் வந்ததும் எங்கள் ஆட்கள் குனிவார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கும், சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். தெருவின் அந்தக் கோடியில் போய்த்தான் மறுபடியும் செருப்புக் காலுக்கு வரும். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, அந்தக் கல்லிலும் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. கல்லைப் பார்த்ததும் கை தானாகக் காலுக்குப் போகும், அவ்வளவுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது, காலில் போட ஒன்றுமே கிடையாது. இருந்தும் அந்தக் கல்லுக்கிட்ட வந்தால் நானும் சேர்ந்து குனிவேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏகாம்பரம் மாமா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். பல்லாவரம் பக்கம் கல் குவாரியில் வேலை. நெடுநெடுவென்று உயரம், பேச்சில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கிறவரிடம் கால் அளவு கொடுத்து அந்த டயர் செருப்பைத் தைத்து வாங்கிக்கொண்டு, ஒரு நாள் சாயந்திரம் நாலு மணிக்கு வேலை விட்டு வந்தார். தெருவின் அந்தக் கோடியிலும் குனியவில்லை, இந்தக் கோடியில் கல் வந்த போதும் குனியவில்லை. சரக், டிக் என்று நடுத்தெருவில் நடந்தார். ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் தம் வீட்டு வாசலில் எழுந்து நின்றார்.

"டேய் ஏகாம்பரம், கால்ல இன்னாடா அது?"

"செருப்புங்க."

"கைல இருக்க வேண்டியது கால்ல கீது?"

"காலுக்குத்தாங்க அளவெடுத்தான். கைக்கு அளவு எடுக்கலயே."

அன்றைக்கு அடி விழுந்தது. மறுநாள் வீங்கின முகத்தோடு அதே செருப்பில் வந்தார், மறுபடியும் அடி விழுந்தது. மூன்றாவது தடவை கை எலும்பு விட்டுப்போனது. கட்டுப் போட்ட கையோடு செங்கல்பட்டுக்கு நடையாய் நடந்து மனு மேல் மனுவாகக் கொடுத்தார். கடைசியில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, இது பொதுவழி, யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்று நடுத்தெருவில் காகிதத்தைப் படித்துவிட்டுப் போனார். ஜீப் போன பிறகு அவரை யாரும் அடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களும் யாரும் செருப்பைக் காலில் போடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல், தினமும் நாலு மணிக்கு, அந்தத் தெருவில் அவர் ஒருவர் மட்டும் செருப்போடு நடந்தார். பின்னால் வருகிற எங்கள் ஆண்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் யாரையும் திட்டியது கிடையாது. என் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்: "நான் ஒருத்தன் நடந்தா அதுக்குப் பேரு திமிரு. நாலு பேரு நடந்தா அதுக்குப் பேருதான்யா தெரு."

அந்த நாலு பேர் சேருவதற்குள் அவர் போய்விட்டார். கல் தூசி நெஞ்சில் கட்டி, இருமி இருமி, ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம் அடங்கிவிட்டார். அந்தக் காலத்தில் பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது வழக்கம்; உயிரோடு இருக்கும்போது எங்களில் யாருக்குப் போட்டோ எடுக்கக் காசு? தாம்பரத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் வந்தார். மாமாவை நாற்காலியில் உட்கார்த்தி, மார்பைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டி, "கால்கட்டு" போட்ட இரண்டு பாதத்தையும் முன்னால் நீட்டி வைத்து எடுத்தார்கள். இரண்டு கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. படம் கழுவி வந்தபோது, மூடின இமைக்கு மேலேயே திறந்த கண் வரைந்து கொடுத்திருந்தார் ஸ்டுடியோக்காரர். மாமாவின் மனைவி கன்னியம்மா அத்தை அதைச் சுவரில் மாட்டினாள். நான் அந்த வீட்டுக்குப் போனால் சுவர்ப் பக்கம் பார்க்கவே மாட்டேன். எங்கே நின்றாலும் அந்தக் கண் என்னைப் பார்க்காது, என்னைத் தாண்டி வேறு எதையோ பார்க்கும்.

செத்தவர் துணிமணி, பாய், தலையணை எல்லாம் சுடுகாட்டோடு போய்விடும். அத்தை செருப்பை மட்டும் கொடுக்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில், முனை தெருவைப் பார்க்க, அவர் கழற்றிப் போடுகிற மாதிரியே வைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே மணியக்காரர் ஆள் அனுப்பினார். "போனவனோட அது போச்சு. நாளையிலேருந்து எல்லாம் பழையபடி." எங்கள் பெரியவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். ஜீப்பில் வந்த அதிகாரி படித்த காகிதம் யாரிடம் இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள். என் அம்மாவுக்கு மணியக்காரர் வீட்டு மாட்டுக் "கொட்டாயில்" சாணி அள்ளுகிற வேலை, நானும் கூடையோடு கூட இருந்தேன். வெயில் சாய்ந்து மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. அசை போட்டுக்கொண்டிருந்த பசு வாயை நிறுத்தியது. அப்புறம்தான் எனக்குக் கேட்டது. சரக், டிக். சரக், டிக். பஸ் ரோட்டுக் கோடியிலிருந்து வந்தது. கொட்டாய்த் தட்டிச் சந்தில் தெரு முழுதும் தெரியும். தெருவில் ஒரு ஆளும் இல்லை. எதிர் வீட்டு நாய் ஒன்று எழுந்து உட்கார்ந்து, நடந்து போகிற ஒருவரைப் பார்க்கிற மாதிரியே, தலையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மெல்லத் திருப்பியது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

"பச்ச, அந்தப் பக்கம் பாக்காத," என்று என்னைப் பேர் சொல்லி அதட்டினாள் அம்மா. "சாணிய அள்ளு."

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அத்தை வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்தேன். கருப்புக் களிமண்ணைத் தவிர வேறு மண் தெரியாத எங்கள் சேரியில், அந்தச் செருப்பின் மேல் செம்மண் படிந்திருந்தது, இப்போதுதான் படிந்தாற்போல. அத்தை கருமாதி வரை வாசல் தாண்டக் கூடாதவள். நான் செருப்பைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. நாலு மணியானால் பெரிய தெருவில் கொடியில் காய்கிற துணியைக்கூட விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். எங்கள் ஆட்களும் பயந்துபோய் ஏரிக்கரைச் சேற்றில் சிரமப்பட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். மணியக்காரர் எங்கிருந்தோ ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். அவன் எலுமிச்சம்பழம் அறுத்து, அந்தக் கல்லின் அடியில் ஒரு முழ நீள இரும்பு ஆணியை அடித்து இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து சத்தம் வராது என்று சொல்லிவிட்டுப் போனான். மணியக்காரர் எங்கள் பெரியவர்களைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அது வரலேன்னா, ஏகாம்பரம் கட்டுப்பட்டான்னு அர்த்தம். அப்புறம் எவனாவது கால்ல செருப்போட வந்தான், பாத்துக்கோங்க." எங்கள் ஆட்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் சேரியே கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்தேன் அல்லவா, அது வராதபோதுதான் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. மாமா இப்போதுதான், இருமாமல், செருமாமல், நிஜமாகவே செத்துப்போன மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் அத்தை வீட்டுக்கு ஓடினேன். "அத்த, வரலத்த."

அத்தை வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். செருப்பு சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. அவள் இடது செருப்பை எடுத்துத் திருப்பி, அம்மிக் குழவியால் தட்டி, அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தாள். "இது அவரு காலுக்குப் பழகிப்போச்சு. உன் காலுக்கு ஆவாது, குத்தும்." பிறகு என் பாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பெரிய செருப்புக்குள் வைத்து, கணுக்காலோடு சேர்த்துக் கயிறு கட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

"நேரா போ. அந்தக் கோடி வரைக்கும் போ. சுடுகாட்டுலேருந்து வரும்போது இன்னா சொல்லுவோம்?"

"திரும்பிப் பாக்கக் கூடாது."

"ஆங். பாக்காத."

என் அம்மா என்னைப் பார்த்ததும் பிடிக்க வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், ஏன் பிடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கல்லுக்கிட்ட வந்ததும் என் முதுகு தானாக வளைந்தது. காலில் செருப்பு கட்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை. நிமிர்ந்துகொண்டேன். சரளையில் காலை வைத்தேன். சரக். சரக். என் கால்தான் அது, ஆனால் சத்தம் என்னுடையது இல்லை. இரண்டு பக்கமும் சாத்தின கதவுகள். கதவுக்குப் பின்னால் மூச்சு விடுகிறது தெரிந்தது. சரக், சரக். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போனது.

பாதித் தெரு தாண்டியிருப்பேன். அப்போது கேட்டது. சரக், டிக்.

என் செருப்பில் ஆணி இல்லை. என் கண் எதிரில்தான் அத்தை அதைப் பிடுங்கி எறிந்தாள். நான் நின்றால் அதுவும் நின்றது. நான் நடந்தால், எனக்குப் பின்னால், என் சின்ன அடிக்கு ஏற்ற மாதிரி தன் நடையைக் குறுக்கிக்கொண்டு, சரக், டிக், சரக், டிக். பிடரியில் மயிர் நட்டுக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மணியக்காரர் வீட்டுக் கதவு திறந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"யார்ரீ அது? சாணி அள்ற பொண்ணா? உன்ன..."

பின்னால் அவர் மனைவி வந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேல், ஒரு நெடிய ஆளின் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மெல்ல முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள், பெரியவர்கள் எதிரில் வந்தால் செய்கிற மாதிரி.

"வாங்க உள்ள," என்று புருஷன் கையைப் பிடித்தாள். "அவ தனியா வரல."

கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பினேன். தெரு காலியாக இருந்தது. தூரத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம், கையில் செருப்பை எடுத்திருந்த அந்தக் கிழவர் குனிவது தெரிந்தது. குனிந்து, செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்தார். அவருக்குப் பக்கத்தில் என் அப்பா. அப்புறம் இன்னும் இரண்டு பேர். நாலு பேரும் கல்லைத் தாண்டி வந்தார்கள்.

அதன் பிறகு அந்தச் சத்தம் தனியாக வரவில்லை. வர வேண்டிய தேவை இல்லை என்று அத்தை சொல்வாள். கடைசிக் காலத்தில் செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன்.

இப்போது அந்த ஊர் இல்லை. ஏரியில் பாதி கட்டடமாகிவிட்டது. களிமண்ணும் இல்லை, சரளையும் இல்லை, எங்கே பார்த்தாலும் தாரும் சிமெண்டும். மணியக்காரர் வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி. கல்லை ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்டார்கள், அதற்காக நான் அழவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது, காய்கறிப் பையும் கையுமாக, என் கால் செருப்பிலிருந்து தானாகப் பாதி வெளியே வந்துவிடுகிறது. கல் போய்விட்டது, என் கால் இன்னும் அதைப் பார்க்கிறது.

கல் இருந்த அந்த முனையில்தான் இந்த வருஷம் மாமாவுக்குச் சிலை வைத்தார்கள். புதிதாகக் குடிவந்த காலனிச் சங்கத்தாரும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து செய்தது. கமிட்டிச் செயலாளர் தினேஷ், எங்கள் சேரிப் பிள்ளைதான், ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், போர்த்தியிருந்த துணியை விலக்கிக் காட்டினான்.

"எப்டி ஆயா? தலைவர் கம்பீரமா கீறார்ல?"

மூஞ்சி பரவாயில்லை. கை உயர்ந்திருந்தது. பிறகு கீழே பார்த்தேன். வெறுங்கால். அதிலும் இரண்டு பாதமும் ஒட்டினாற்போல, கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்ந்து இருந்தது. மாமாவுக்கு இருந்தது அந்த ஒரே போட்டோதான். சிற்பி அதைப் பார்த்துச் செய்திருக்கிறார். எழுப்பி நிற்க வைத்துவிட்டார், கால்கட்டை அவிழ்க்கத் தெரியவில்லை.

"தினேசு, இது பொணத்தோட காலுப்பா. அவருக்குச் செருப்பு போடு. அவரு அடி வாங்கினதே செருப்புக்குத்தான்."

"அய்யோ ஆயா, மெதுவா பேசு. சிலை, செருப்பு ரெண்டையும் ஒண்ணா சொன்னாலே ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒக்கார வெச்சிடுவாங்க. நம்மாளுங்களே கலாட்டா பண்ணுவாங்க."

அவன் சொன்னது நியாயம்தான். சிலைக்குச் செருப்பு என்றால் இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான். ஆனாலும் மறுநாள் காலை டிரங்கைத் திறந்து, கல்லாக இறுகிப்போன அந்த ஜோடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சிலைக்குக் காவலாக நின்றிருந்த போலீஸ்காரர் மறித்தார்.

"பையில இன்னாம்மா?"

"செருப்பு."

அவ்வளவுதான். கட்அவுட் கட்டிக்கொண்டிருந்த நாலைந்து பிள்ளைகள் குதித்து வந்தார்கள். "ஏ கெய்வி, எவன் குடுத்தனுப்புனான் உன்கிட்ட? எந்தக் கட்சி?"

"உங்க தாத்தன் குனிஞ்ச எடத்துல நின்னுகினு என்னியா கேக்கற?" என்றேன். "உங்க தாத்தன் கைல எடுத்துகினு போனான். இது கால்ல போனது."

தினேஷ் ஓடி வந்து, என்னை ஓரமாக உட்கார வைத்தான். இங்கே எழுதினது எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, சிலையைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிக் கூண்டைத் திறந்து, பீடத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் அதை வைத்தான். "விழா முடியட்டும் ஆயா, சிற்பிகிட்ட பேசறேன்." கூண்டைப் பூட்டி, சாவியைத் தன் பைக் சாவியோடு கோத்துக்கொண்டான்.

விழா நன்றாகத்தான் நடந்தது. காலனி டீச்சர் ஒருவர் அழகாகப் பேசினார். என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "அவர் செருப்பு போட்டுகினு நடந்தார்" என்றேன். கை தட்டினார்கள்; அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் போனதே அவர் ஜெயித்ததற்கு அடையாளம் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் தினேஷ் வீட்டுக்கு வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "கொஞ்சம் வா ஆயா" என்று கூட்டிப்போனான். சாயந்திர வெயில் மஞ்சளாக இருந்தது. கூண்டுக் கம்பி வழியாகப் பீடத்துக்குப் பின்னால் காட்டினான். செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் முனை தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டின் மேலும் செம்மண் படிந்திருந்தது. இந்தச் சுற்று வட்டாரத்தில் செம்மண்ணைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

"ஆயா, உண்மைய சொல்லு. நீ வந்து எடுத்தியா?"

நான் கம்பியில் தொங்கிய பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டியபடியே இருந்தது.

"சாவி உன்கிட்டதானப்பா கீது," என்றேன்.